பூஸ்டர் மாற்றிய ஐப்பசி

பிரேக்கில் கால் வைத்தால் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். எங்கள் பழைய ஜீப்புக்குள் பாம்பு குடியேறிவிட்டது என்று நான் தீர்மானமாக நம்பினேன். மாட்டுக்கொட்டகையை ஒட்டிப் புளியமரத்தடியில் நிற்கிற வண்டி. ஐப்பசி மழைக்கு எது எங்கே போய் ஒண்டும் என்று யார் கண்டது? கம்பால் தட்டிப் பார்த்தேன். பூண்டை நசுக்கி சீட்டுக்கு அடியில் வைத்தேன். அந்த வாசத்தில் நான்தான் இரண்டு நாள் வண்டியில் உட்கார முடியாமல் தவித்தேன். பாம்பு வெளியே வரவும் இல்லை, சத்தம் நிற்கவும் இல்லை.

மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் எங்கள் தோட்டம். வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், நிலத்தில் பாதி அந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற லாரியோடு வெயில் காலம் முழுக்க வடக்கே எங்காவது கிடப்பார். மழை பிடித்தால் வண்டியோடு ஊர் திரும்பி, திருச்செங்கோட்டுப் பட்டறையில் அதற்கு எண்ணெயும் பெயிண்டும் போட்டுக்கொண்டிருப்பார். மற்ற மாதமெல்லாம் மாடு, மரவள்ளி, சோளம், மாமனார் எல்லாமே என் பொறுப்பு. மாமனாரைப் பொறுப்பில் சேர்த்தது அவருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார், அது வேறு.

இந்த ஜீப் வருவதற்கு முன்னால் ஓடையைத் தாண்ட ஒரு மூட்டை தீவனம் இருந்தாலும் பங்காளி வீட்டு டிராக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர்கள் வருகிறபோதுதான் என் வேலை. வருகிறோம் என்று சொன்ன நாளில் வரமாட்டார்கள், குளிக்கப் போகும்போது வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அடுத்தவர் வண்டிக்குக் காத்திருக்கிற பெண்பிள்ளைக்குத் தன் நாள் என்று ஒன்று கிடையாது. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் ஓடி ஓய்ந்த ஜீப்பை மாமனார் வாங்கிப் போட்டார். ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஓடையில் முழங்கால் தண்ணீர் ஓடினாலும் முனகிக்கொண்டே ஏறிவிடும். அதற்கப்புறம் நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஊரில் சிலர் 'ஜீப்புக்காரம்மா' என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, பின்னால் தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்கினேன். சரிவு முடிகிற இடத்தில் மோட்டார் ரூம், அதன் முன்னால் மாடு தண்ணீர் குடிக்கிற சிமெண்டுத் தொட்டி. வழக்கமாக மிதிக்கிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் அசையவில்லை. தரையில் காலை ஊன்றுவதும் அதை மிதிப்பதும் ஒன்றாகவே இருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தேன். என் எடை ஒன்றும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். வண்டி மனசில்லாமல் வேகம் குறைந்து, கடைசியில் தொட்டியில் முட்டி நின்றது. தொட்டியின் விளிம்பு உடைந்து தண்ணீர் கொட்டியது. தொட்டிக்கு அந்தப் பக்கம் மாமனார் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

வேட்டி நனைந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சாமி, உனக்கு அடி கிடி பட்டுதா?"

"இல்லீங்க மாமா."

அவ்வளவுதான். மோட்டார் ரூம் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிழிந்த வேட்டியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வருவதற்குள் மாமனார் முடிவெடுத்துவிட்டார். ஆத்தூர்ப் பக்கத்துப் பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் போனில் பேசியிருக்கிறார். "ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிட்டுப் போயிருவாரு சாமி" என்று எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்களே மாமா. நாளைக்கு ஓடைக்கு அக்கட்ட மரவள்ளிக்கு நான் எதுல போவனுங்க?"

"இரும்பு போனாப் போகுது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு வாய் உண்டு. மனிதர் அன்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு எந்தப் பதிலும் எடுபடாது. அடுப்படியில் பாத்திரங்களை ஒன்றுக்குப் பத்தாகச் சத்தம் போட வைத்தேன். மறுபடியும் டிராக்டருக்குச் சொல்லி அனுப்பும் வாழ்க்கையா?

என் வீட்டுக்காரர் வந்து இரண்டு பக்கக் கதையையும் கேட்டார். யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் நேரே ஜீப்புக்குப் போனார். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கேட்டார். தலையை வெளியே எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாம்புமில்ல, பல்லியுமில்ல புள்ள. பூஸ்டரு கிழிஞ்சிருச்சு. அதுதான் உஸ்ஸுங்குது."

"பூஸ்டருன்னா?"

பானெட்டைத் தூக்கிக் காட்டினார். டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே, இரண்டு தோசைக்கல்லை முகத்தோடு முகம் வைத்து ஒட்டினாற்போல் கறுப்பாக ஒரு டப்பா. அதன் மூக்கில் பிரேக் ஆயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டர். தலையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டு, என்ஜின் பக்கம் டைனமோவின் முதுகில் இருக்கிற சின்னப் பம்புக்குப் போனது.

"நீ ஒரு கால் வெச்சீன்னா இது உங்கூட இன்னும் நாலு கால் வெக்கும். உள்ள ரப்பர் கிழிஞ்சுட்டா உங்கால் மட்டுந்தான். நாலு பேரு மிதிக்கோணும். நீ ஒருத்தியா மிதிச்சு நிறுத்தியிருக்கற பாரு!"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காலையிலிருந்து எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள். இவர் ஒருவர்தான் சபாஷ் என்றார்.

பிறகு தன் அப்பாவிடம் போய் நின்றார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள பிரேக்கு சுத்தமா நிக்கலைன்னா குடுத்துருங்கப்பா. நான் ஒண்ணும் பேச மாட்டேன். நின்னுச்சுன்னா வண்டி ஊட்டுலயே இருக்கட்டும்."

மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "நிக்கட்டும். பாக்கலாம்."

மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடலாமே என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பூமிக்குள் ஆயிரம் அடிக்குக் காற்றை அனுப்பி, பாறைத்தூளையும் தண்ணீரையும் பனைமர உயரத்துக்கு வீசியடிக்கிறவர். காற்று அவருக்குக் கைக்கு அடங்கின மாடு. ஒரு ஜீப்பின் காற்றுக்கு இன்னொருத்தரைக் கூப்பிடுவதாவது? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் சங்ககிரிக்குப் போனோம். லாரிக்கு வேண்டியது எதுவானாலும் அங்கே கிடைக்கும். ஜீப் என்றதும் கடைக்குக் கடை உதட்டைப் பிதுக்கினார்கள். "லாரிக்குன்னா எத்தன வேணுங்க, இப்பவே தாரேன்" என்றார் ஒருவர். கோட்டை மலையைப் பார்த்தவாறு இருந்த ஒரு சந்தில் கடைசியாக ஒரு கடைக்காரர் பரணில் ஏறி, தூசி தட்டி, அட்டைப் பெட்டியோடு ஒன்றை இறக்கினார். எங்கள் பழைய குழாய்க்குப் பதில் புதுக் குழாயும் கொடுத்தார். குழாயின் நடுவில் வைப்பதற்குக் கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் வால்வும் தந்தார். காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு. அதன் மேல் ஓர் அம்புக்குறி இருந்தது.

"பழசுல எந்தப் பக்கம் பாத்திருந்துச்சோ அதே பக்கம் பாத்து வெச்சுருங்க" என்றார் கடைக்காரர்.

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பழைய வால்வு, முதல் நாள் குழாயைக் கழற்றிப் பார்த்தபோதே முறுக்குப்போல் நொறுங்கிப்போயிருந்தது. அதை நாங்கள் இருவருமே அந்த நேரத்தில் பெரிதாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. இங்கே நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை பக்கத்து ஊரில் போர் ஓடிக்கொண்டிருந்தபோது சோறு கொண்டுபோனேன். கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. புழுதியில் முகம் தெரியாத ஆட்கள் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். மூடின முட்டி என்றால் பிடித்துக்கொள். விரலைச் சுழற்றினால் திருகு. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் மெதுவாக இறக்கு. திடீரென்று ஒரு ஆள் தன் உள்ளங்கையைத் தன் தலைமேல் வைத்தார். எல்லாம் நின்றுவிட்டது. எல்லோரும் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள்.

அது என்ன என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "தப்புப் பண்ணிட்டேன், யாரும் எதையும் தொடாதீங்க, அப்படின்னு அர்த்தம்" என்றார். எங்கள் ரிக்கில் தப்பு செய்தவரே முதலில் தலையில் கை வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் யாரும் அவரைத் திட்டக்கூடாது. வைக்காமல் மழுப்பினால் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். மாமனார் ரிக் ஓட்டின காலத்தில் யாரோ ஒருவர் தப்பான வால்வைத் திறந்துவிட்டு, திறந்ததைச் சொல்லாமல் நின்றிருக்கிறார். மாமனாரின் இடது கையில் ஒரு விரல் பாதியோடு நிற்பது அதனால்தான். அதற்குப் பின்னால் அவரே கொண்டுவந்த சட்டம் இது.

என் வீட்டுக்காரர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழம்பில் உப்பை இரண்டாம் முறை அள்ளிப் போட்டாலும், பால் சொசைட்டிக்குக் கேனை மறந்துவிட்டுப் போனாலும், உடனே கை தலைக்குப் போய்விடும். தப்பை ஒத்துக்கொள்ள நாலு நாள் முறுக்கிக்கொள்ளும் ஆம்பிளைகளையே பார்த்து வளர்ந்தவள் நான். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மாமனார் மட்டும் வீட்டுக்குள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. சட்டம் போட்டவருக்கு அது பொருந்தாது போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஜீப்புக்கு வருகிறேன். சாக்கு விரித்து, கழற்றுகிற நட்டையெல்லாம் கழற்றின வரிசையிலேயே கொட்டாங்குச்சிகளில் போட்டார். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து பிரித்து, அதன் ஆயில் குழாய்களைக் கழற்றாமல், வளையாமல், மெதுவாக முன்னால் நகர்த்தித் துணியால் தூக்கிக் கட்டினார். பச்சைப்பிள்ளையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிற பக்குவம் அதில் இருந்தது. அப்புறம் வண்டிக்குள் போய், தலை கீழே, கால் சீட்டுக்கு மேலே என்று மல்லாந்துகொண்டார். பெடலையும் பூஸ்டரின் கம்பியையும் சேர்க்கிற பின்னை உருவினார். உள்ளேயிருந்து நாலு நட்டையும் தடவித் தடவியே கழற்றினார். அந்த இடத்தில் கண் வைக்க வழியில்லை, விரல்தான் பார்க்க வேண்டும். வெளியே நான் பூஸ்டரைத் தாங்கிக்கொண்டேன். டாஷ்போர்டுக்கு வெளியே நீண்ட ஒரு கை மட்டும் என்னோடு பேசியது. முட்டி மூடினால் பிடித்தேன். விரல் சுழன்றால் திருப்பினேன். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் அதைவிட நல்ல பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பழையது வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. குழாயைச் செருகி, நடுவில் வால்வை வைத்து, கிளிப் போட்டார். மாமனார் கொட்டகை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறு புள்ள. நீயே மிதி."

என்ஜினைப் போட்டு மிதித்தேன். அதே கருங்கல். மறுபடியும் மிதித்தேன். உஸ்ஸென்ற சத்தம் மட்டும் போயிருந்தது. பெடல் இம்மியும் இறங்கவில்லை.

மாமனார் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார். நாலு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்று மிச்ச நேரம் எல்லாம் சண்டைதான். பூஸ்டரே கெட்டது என்று என் வீட்டுக்காரர் கடைக்காரருக்குப் போன் செய்தார். "பெட்டி பிரிக்காத சாமானுங்க, ஒங்க கை வேலையைப் பாருங்க" என்று அவரும் சுருக்கென்று சொல்லிவிட்டார். இவருக்குக் கோபம் மூக்கின் மேல். பம்பு போய்விட்டது என்றார், பெடல் கம்பி நீளம் சரியில்லை என்றார், பிரேக் லைனர் இறுகியிருக்கிறது என்றார். சக்கரத்தையெல்லாம் கழற்றிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "பேசாம அந்த மெக்கானிக்கக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் நான் அக்கட்ட போயிட்டு வந்திருப்பனுங்க" என்று குத்தினேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தார். ராத்திரி சோற்றை இருவரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி பானெட்டுக்குள் குனிந்து நின்றார். முகத்தில் முதல் நாள் கோபம் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிற நிதானம் வந்திருந்தது. டைனமோவின் முதுகிலிருந்து குழாயை உருவி எடுத்தார்.

"நான் என்ஜினப் போடறேன். நீ சேலைய ஒழுங்காச் சொருகிக்க. பெல்ட்டுப் பக்கம் போகாம, இக்கட்டயிருந்து கைய நீட்டி இந்த ஓட்டையில கட்டவெரல வெச்சுப் பாரு. பம்பு வேலை செய்யுதான்னு தெரிஞ்சுரும்."

வைத்தேன். என்ஜின் ஓடியது. விரலை எதுவோ கவ்விக்கொண்டது.

"இழுக்குதுங்க!"

"நல்லா இழுக்குதா?"

"கன்னுக்குட்டி வெரலச் சப்பற மாதிரி சப்புதுங்க!"

"அப்பப் பம்பு நல்லாருக்குது" என்று என்ஜினை நிறுத்தினார். இன்னும் குழப்பமாகத்தான் பார்த்தார்.

எனக்கு விரலில் அந்தச் சப்பல் இன்னும் இருந்தது. கன்றுக்குட்டி சப்பினால் பால் மடியிலிருந்து வாய்க்கு வரும். வாயிலிருந்து மடிக்குப் போகாது. நான் கேட்டது ஒரு மாட்டுக்காரியின் கேள்விதான்.

"ஏனுங்க, இது இழுக்குதே. அப்படீன்னா காத்து இங்கிருந்து அந்த டப்பாவுக்குப் போகலைல்லீங்க? டப்பாவுலயிருந்துதான இங்க வருது?"

அவர் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். வால்வின் மேலிருந்த அம்பைப் பார்த்தார். அம்பு பூஸ்டரைப் பார்த்திருந்தது.

ரிக்கில் கம்ப்ரசர் காற்றைத் தள்ளும். தள்ளின காற்று டேங்குக்குப் போகும். அம்பு எப்போதும் டேங்கைப் பார்க்கும். பிறந்ததிலிருந்து அவர் பார்த்தது அந்த ஒரு காற்றைத்தான். தள்ளுகிற காற்று. திருச்செங்கோட்டில் எந்த ரிக் வண்டிக்காரரிடம் இந்த வால்வைக் கொடுத்திருந்தாலும் இவர் மாட்டின மாதிரிதான் மாட்டியிருப்பார். உறிஞ்சுகிற காற்று என்று ஒன்று உண்டு, அதற்கு அம்பு திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியாது. வால்வு வழியை அடைத்துக்கொண்டு நிற்க, புதுப் பூஸ்டர் பட்டினி கிடந்திருக்கிறது.

கிரீஸ் அப்பின உள்ளங்கை அப்படியே அவர் தலைமேல் போய் உட்கார்ந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. முன்தினம் முழுக்க நான் குத்திக்காட்டியதும், இப்போது கண்டுபிடித்தது நானாகிப்போனதும் அவருக்குப் பொருட்டே இல்லை. கொட்டகைப் பக்கம் திரும்பி ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அப்பா! தப்பு என்னுதுங்க! வால்வத் திருப்பி வெச்சுட்டேன்! பூஸ்டர்ல ஒண்ணுமில்ல!"

அடுத்த காரியமாக, வால்வைத் திருப்புவதற்கும் முன்னால், சங்ககிரிக் கடைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணா, உங்க சாமான் சுத்தமுங்க. நாந்தான் மாத்தி மாட்டிட்டேன். நேத்துப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க." அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவர் சிரித்தார். பூமியைத் துளைக்கிறவர் என்பதற்காக ஊர் இவரை மதிக்கிறது. எனக்கு அதுவெல்லாம் இரண்டாம்பட்சம். தலையில் கிரீஸ் வழிய நின்று இப்படிச் சிரிக்க எத்தனை பேரால் முடியும்?

வால்வு திரும்பியது. கிளிப் இறுகியது. என்ஜின் நின்றிருக்கும்போதே பெடலைப் பலமுறை மிதிக்கச் சொன்னார். அது இறுகிக்கொண்டது. காலை அப்படியே வைத்துக்கொண்டு என்ஜினைப் போடச் சொன்னார். போட்டேன். என் காலுக்குக் கீழே பெடல் தானாகவே கொஞ்சம் கீழே இறங்கியது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'நகரு, நானும் மிதிக்கிறேன்' என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் கத்தின கத்தலில் கொட்டகையில் மாடெல்லாம் எழுந்து நின்றுவிட்டது.

வீட்டைச் சுற்றி ஓட்டினேன். வெறும் வண்டியில் நின்றது. மூட்டை ஏற்றி ஓட்டினேன். அப்போதும் நின்றது. இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று இருவருக்கும் தெரியும். ஓடைச் சரிவு.

அதற்குள் ஆத்தூர் வியாபாரி வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்துப் பார்த்தார். அந்த உதை எனக்கே பட்டதுபோல் இருந்தது. மாமனார் அவரை 'வாங்க' என்று வரவேற்றுவிட்டு, "பிரேக்கு நிக்கறதப் பாத்துட்டுப் பேசிக்கலாமுங்க" என்று கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கி நடந்தார். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"மூட்டையோடவே வா சாமி."

சரிவின் தலைக்கு வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறவில்லை. "நீயே போ" என்று ஒதுங்கிக்கொண்டார். கீழே பார்த்தேன். விளிம்பு உடைந்த தொட்டி. அதற்கு முன்னால் வியாபாரியும் மாமனாரும். போன முறை தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர், இந்த முறை இந்தப் பக்கம், வண்டி வந்து நிற்கவேண்டிய தடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தேன். வியாபாரி சட்டென்று தென்னைமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். மாமனார் அசையவில்லை. மறுபடியும் அடித்தேன். வா என்று கையை ஆட்டினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிதர் இப்படிப் பண்ணுவாரா? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். திருப்பினால் ஜீப் போய்விடும். அதைவிட, அவர் நிற்கிறார், நான் இறங்கவில்லை என்றாகிவிடும். கியரைப் போட்டு இறங்கினேன். மழைக்கு ஊறின செம்மண். மூட்டைகள் பின்னாலிருந்து தள்ளின. வழக்கமாக மிதிக்கிற வேப்பமரத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்தேன். எழுந்து நிற்கவில்லை. ஒரு கால்தான், அதிலும் முன்பாதம்தான். மீதி நாலு காலையும் பூஸ்டர் வைத்தது. ஜீப் பதறாமல், வழுக்காமல், சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. மாமனாருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகத் திரும்பலாம்.

என்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்தேன். மரியாதையெல்லாம் மேட்டிலேயே இருந்துவிட்டது.

"எதுக்குங்க மாமா அங்கயே நின்னீங்க? பிரேக்கு நிக்காமப் போயிருந்தா என்னுங்க ஆயிருக்கும்? நான் காலத்துக்கும் அழுதுட்டே இருக்கோணுமா?"

அவர் ஜீப்பின் முன்பக்கத்தைப் பார்த்தார். இடையில் இருந்த வெறும் தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். இடது கையை மெல்லத் தூக்கி, பாதி விரல் உள்ள அந்த உள்ளங்கையைத் தன் நரைத்த தலைமேல் வைத்தார். வைத்தபடியே நின்றார்.

மேட்டில் என் வீட்டுக்காரரும் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தேன். வைத்துவிட்டால் அப்புறம் யாரும் திட்டக்கூடாது. சட்டம் அது.

தென்னைமரத்துக்குப் பின்னாலிருந்து வியாபாரி தலையை நீட்டினார். "என்னா பெரியவரே, தலவலியா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் மாமனார். கையை இன்னும் எடுக்கவில்லை. "வண்டி குடுக்கறதில்லீங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு குடிச்சுட்டுப் போங்க."

மோர் கொண்டுவர நான் வீட்டுக்குப் போனேன். கூப்பிடு தூரந்தான். ஜீப்பில்தான் போனேன்.